பனி பிடிக்காத ஜன்னல்

1986ஆம் வருடக் குளிர்காலத்தில், லேனா ஆற்றின் இடது கரையில் இருந்த பதினேழாம் எண் கட்டடத்தின் நூற்றெட்டு வீடுகளில் நூற்றேழு வீடுகளின் ஜன்னல்களைப் பனி மூடியது. ஒரு வீட்டின் ஜன்னலை மட்டும் மூடவில்லை. அது ஒன்பதாம் மாடியில், வெந்நீர்க் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றும் வேலை பார்த்த கேஷாவின் வீடு. முந்தைய ஐந்து குளிர்காலங்களிலும் அப்படித்தான் இருந்தது என்பதால் கட்டடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு மேல் ஏறாது, நான்காம் மாடி நாய் குரைக்காது, ஒன்பதாம் மாடி ஜன்னல் உறையாது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குப்பை கொட்டும் இடத்தைக் காட்டப் போய்விடுவார்கள்.

மற்ற வீடுகளில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அக்டோபரில் இரட்டைச் சட்டங்களுக்கு நடுவே பஞ்சைத் திணித்து, இடுக்குகளில் மாவுப் பசை தடவிய காகிதப் பட்டைகளை ஒட்டுவார்கள். நவம்பரில் கண்ணாடி வேர்க்கும். கொடியில் காயும் துணி, கொதிக்கும் இறைச்சிச் சாறு, தொட்டியில் குளிக்கும் குழந்தை, தூங்குகிறவர்களின் மூச்சு எல்லாம் கண்ணாடியில் போய் ஒட்டி, வழிந்து, ஜன்னல் பலகையில் தேங்கும். பழந்துணியைத் திரியாக முறுக்கி ஒரு முனையைப் பலகையில் வைத்து, மறுமுனையைக் கீழே கயிற்றில் தொங்கும் பாட்டிலுக்குள் விடுவார்கள். டிசம்பரில் அந்த ஈரம் உறைய ஆரம்பிக்கும். புத்தாண்டுக்குள் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மூன்று விரல் தடிமனுக்குப் பனி ஏறிவிடும். அதற்குப் பிறகு மார்ச் வரை யாருக்கும் வெளியே எதுவும் தெரியாது. காசைச் சூடாக்கிப் பனியில் அழுத்தினால் ஒரு கண் அளவுக்கு ஓட்டை விழும். அதுவும் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்தக் கட்டடத்தில் நலம் விசாரிக்கிறவர்கள், "உங்க வீட்ல எத்தனை விரல்?" என்று கேட்பார்கள். மூன்று என்றால் நலம். புதிதாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் நான்கு. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில் ஒன்றரை, அதுவும் சமையலறையில் மட்டும். ஒரு தம்பதி பிரியப்போகிறது என்பது நீதிமன்றத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். கேஷாவிடம் மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவன் மனம் நோகும் என்று நினைத்தார்கள்.

கேஷாவின் முழுப் பெயர் இன்னொகென்டி. வயது நாற்பத்து நான்கு. தனியாள். அவன் மூச்சில் ஆவி வருவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது பாகை உறைகுளிரில் மற்றவர்கள் மூச்சு விட்டால் வெள்ளையாகப் புகை எழும்பி, காதருகில் தானியம் கொட்டுவதுபோல ஒரு மெல்லிய சரசரப்போடு உறைந்து விழும்; புருவமும் இமையும் தொப்பியின் ஓரமும் வெளுத்துவிடும். கேஷா நடந்தால் ஒரு சத்தமும் இருக்காது. நாள் முழுக்கக் குழாய்களோடு வெளியே நின்றுவிட்டு வந்தாலும் அவனுடைய இமை கறுப்பாகவே இருக்கும். எந்த வருடத்தில் ஆவி நின்றது என்று அவனுக்கே தெரியாது. பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த ஒரு புகைப்படத்தில் அவன் வாயருகே வெள்ளையாக ஏதோ இருந்தது. அதற்கப்புறம் பக்கத்தில் நின்று கவனிக்க யாரும் இல்லாததால், நின்ற தேதி பதிவாகவில்லை. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார்.

அந்த ஜன்னலால் கட்டடத்துக்கு உபயோகம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஜன்னலுக்கு வெளியே ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றும் பனிக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி இல்லை, ஐம்பதுக்குக் கீழே போனால் யாருக்குமே இல்லை. வானொலி அதைச் சொல்வதற்குள் பிள்ளைகள் பாதி வழி போய்விடுவார்கள். அதனால் காலை ஏழு மணிக்கு மூன்றாம் நுழைவாயிலின் பிள்ளைகள் எல்லாம் புத்தகப் பையோடு ஒன்பதாம் மாடிக்கு ஏறிவந்து, "கேஷா மாமா, எவ்ளோ?" என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்பார்கள். அவன் விளக்கைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வான். தேர்வு நாட்களில் ஒன்றிரண்டு பாகை கூட்டிச் சொல்லும்படி கெஞ்சுவார்கள். ஒரு தடவைகூட அவன் கூட்டிச் சொன்னதில்லை. இன்னொன்றும் இருந்தது. ஜனவரியில் நகரம் முழுக்க மூடுபனி எட்டாம் மாடி வரைக்கும் பாலாக நிற்கும். தெருவில் கையை நீட்டினால் கையுறை தெரியாது. ஆனால் கேஷாவின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூடுபனி ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தமும், அதற்கு அப்பால் உறைந்த ஆறும், ஆற்றின்மேல் போட்டிருந்த குளிர்காலச் சாலையும் தெரியும்.

அந்தச் சாலையைப் பார்ப்பதற்காகத்தான் மூன்றாம் மாடி மார்ஃபா வருவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த அவள் ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, கனத்த குரல். அவள் கணவன் யெகோர் லாரி ஓட்டினான். ஆறு உறைந்ததும் வடக்கே மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு வாரம், மூன்று வாரம் கழித்துத் திரும்புவான். அவன் வரவேண்டிய நாட்களில் மார்ஃபா ஒரு முக்காலியையும் பின்னல் வேலையையும் எடுத்துக்கொண்டு மேலே வந்து ஜன்னலருகே உட்கார்ந்துவிடுவாள். கேஷாவுக்கு வேலைக்குப் போகும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது பழக்கம். லாரி ஆற்றில் ஒரு எறும்பாகத் தெரிந்ததும் கீழே போய்ச் சாற்றை அடுப்பில் வைப்பாள். யெகோர் படியேறி வருவதற்கும் சாறு கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

தவறு நடந்தது வீடுகளை ஒதுக்கும் அரசு அலுவலகத்தில். அங்கே குளிர்காலத்தில் எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க யாரும் படியேறுவதில்லை. பொறுப்பாளர் கோலெசோவ் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஜன்னல் வெள்ளையாக இருந்தால் ஆள் உண்டு. கறுப்பாக இருந்தால் வீடு காலி. இந்த முறையில் இருபது வருடமாகப் பிசகு வந்ததில்லை. ஒன்பதாம் மாடியில் ஒரு ஜன்னல் கறுப்பாக இருப்பதை மூன்று குளிர்காலம் தொடர்ந்து குறித்துக்கொண்ட பிறகு, அவர் விதிப்படி அந்த வீட்டின் குடியிருப்புப் பதிவை ரத்துசெய்து, காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக இருந்தவருக்கு அதை ஒதுக்கினார். ஜனவரி நான்காம் தேதி, நாற்பத்தெட்டு பாகைக் குளிரில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அகுலினா ஒரு பெட்டியோடும், கம்பளியில் சுற்றிய ரப்பர் செடியோடும் ஒன்பதாம் மாடிக்கு ஏறிவந்து, பூட்டில் சாவியை நுழைத்தாள். உள்ளே கேஷா உறைந்த மீனைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"இது காலி வீடுங்க" என்றாள் அகுலினா.

"நான் இருக்கேனே."

"இருக்கீங்க. தெரியுது. ஆனா பேப்பர்ல இல்லையே." அவள் ஒதுக்கீட்டுத் தாளைக் காட்டினாள். "பதினொரு வருஷமா லிஸ்ட்ல நிக்கறேன். இருந்த மரவீட்டை நேத்து இடிச்சுட்டாங்க. செடியை மட்டும் முதல்ல உள்ள வெச்சுக்கறேன், அது குளிர் தாங்காது. சண்டையை அப்புறம் போடலாம்."

கேஷா செடியை வாங்கி அடுப்பின் பக்கத்தில் வைத்தான். சண்டை அப்புறமும் நடக்கவில்லை. போக்கிடம் இல்லாத ஒருத்தியை அந்தக் குளிரில் வெளியே அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. அறையின் குறுக்கே கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். அடுப்புப் பக்கம் அகுலினாவுக்கு, ஜன்னல் பக்கம் கேஷாவுக்கு. அவள் முதல் வேலையாக ஒரு துண்டு அப்பத்தை வெண்ணெயில் தோய்த்து மின்னடுப்பின் சுருளில் வைத்துக் கருகவிட்டாள். குடிவந்தவர்கள் வீட்டு நெருப்புக்கு ஊட்டவேண்டும். நெருப்பு இல்லாத வீட்டில் சுருளுக்கு ஊட்டுவார்கள். புகைக்கு நடுவே அவள் அடுப்பிடம், இங்கே இரண்டு பேர் இருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னது விரிப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஆறு வருடமாக அதே அடுப்பில் சமைத்தவன், தான் இருப்பதைத் தன் அடுப்புக்கு ஒருத்தி சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. அன்று அவன் இரண்டு தடவை கையைக் கழுவினான், காரணமில்லாமல்.

இரண்டாவது வேலையாக அவள் ஜன்னலுக்குப் போய், துணியைத் திரியாக முறுக்கிப் பலகையில் வைத்து, கீழே ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டாள். கேஷா அதற்கு அவசியமில்லை, இந்தக் கண்ணாடி வேர்க்காது என்றான். "வேர்க்கலைன்னா பரவாயில்லை. திடீர்னு வேர்த்துச்சுன்னா அப்ப போய் பாட்டில் தேடிட்டு இருக்க முடியாது" என்றாள் அவள். பாட்டில் காலியாகத் தொங்கியது.

மறுவாரம் கோலெசோவ் நேரில் வந்தார். நேர்மையான மனிதர், மூட்டுவலிக்காரர், ஒன்பது மாடி ஏறியதில் பேச்சே வரவில்லை. கேஷா இருப்பதைப் பார்த்தார், கையைக் குலுக்கினார், கை சூடாக இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று வருட அறிக்கையில் ஜன்னல் காய்ந்திருந்தது, இப்போதும் காய்ந்திருக்கிறது. ஆள் வாழ்கிற வீட்டில் பனி பிடிக்கும். பனி பிடிக்காத வீட்டில் ஆள் வாழ்கிறார் என்று எழுதினால் அவர் வேலை போய்விடும். குளிர்காலக் காளையின் இரண்டாம் கொம்பு முறியும் நாள்வரை பொறுக்கிறேன் என்றார். அந்த ஊரில் குளிர்காலத்தை ஒரு காளை என்பார்கள், அதன் கொம்புகள் ஒவ்வொன்றாக முறியும், இரண்டாவது முறிந்ததும் குளிர் குறைய ஆரம்பிக்கும் என்பதால் அந்த நாளைச் சொன்னார்; காகிதத்தில் பிப்ரவரி பன்னிரண்டு என்று எழுதினார். அன்றைக்குக் கண்ணாடியில் பனி இருந்தால் கேஷாவின் பதிவு திரும்ப வரும். அறை பதினெட்டு சதுர மீட்டர், ஆளுக்கு ஒன்பது என்பது அளவு, ஆக இரண்டு பேருமே இருந்துகொள்ளலாம். பனி இல்லாவிட்டால் வீடு அகுலினாவுக்கு, கேஷா தொழிலாளர் விடுதிக்கு. அகுலினா, அப்படியானால் எனக்கு வீடே வேண்டாம் என்றாள். வேண்டாமென்றால் பட்டியலின் கடைசிக்குப் போகவேண்டும், மறுபடி பதினொரு வருடம் என்றார் கோலெசோவ். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

கேஷா முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று கெட்டில்களில் தண்ணீர் கொதிக்கவைத்து ஜன்னலடியில் வைத்தான். சுவர்க் காகிதம் உரிந்தது, சர்க்கரை பாகானது, எட்டாம் மாடிக்காரர் வீட்டு ஜன்னலில் பனி ஐந்து விரலுக்கு ஏறியது. அவன் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. அகுலினா மருத்துவமனையிலிருந்து பதினாறு ஈர விரிப்புகளைக் கொண்டுவந்து அறை முழுக்கத் தொங்கவிட்டாள். அவை அரை மணியில் மொரமொரவென்று காய்ந்ததைப் பார்த்து, சலவைக்கூடத்தைவிட இந்த அறை பரவாயில்லையே என்று மட்டும் சொன்னாள். இரண்டு ஆள் மூச்சுவிடும் அறையில் இரண்டாவது ஆளின் மூச்சும் ஒட்டவில்லை என்பது கேஷாவை உறுத்தியது. தன்னால்தான் என்று நினைத்தான். தன்னிடம் இல்லாதது அவளையும் தொற்றிக்கொண்டதோ என்று பயந்து, அவள் வேலைக்குப் போகும்போது இரண்டு மூன்று தடவை வாசல் பக்கத்துப் படிக்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தான். காசை வைத்து ஓட்டை போட்டு, மூடுபனியில் அவள் மறையும் வரைக்கும். அவள் மூச்சு வெள்ளையாகத்தான் இருந்தது. அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் தனிமையாகவும் இருந்தது.

ஜனவரி இருபத்துமூன்றாம் தேதி மதியம், ரப்பர் செடி ஓர் இலையை உதிர்த்தது. அகுலினா அதைக் கடிந்துகொண்டாள். இவ்வளவு தூரம் தூக்கிவந்து, இந்த வீட்டில் இப்படி நடந்துகொள்ளலாமா என்று கேட்டாள். கேஷா விரிப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "அதுக்கும் பதிவு எடுத்துருங்க. இல்லாட்டி கோலெசோவ் அதையும் விடுதிக்கு அனுப்பிருவாரு" என்றான். சொன்ன பிறகுதான் அது வேடிக்கை என்று அவனுக்கே தெரிந்தது. அகுலினா சிரித்தாள். சலவைக்கூடத்து இரைச்சலில் பழகியவள் என்பதால் பெரிதாகத்தான் சிரித்தாள். அவனும் சிரித்தான். முக்காலியில் இருந்த மார்ஃபா பின்னலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். நடுவில், ஒரு காசு அளவுக்கு, வெள்ளையாக மூடியிருந்தது.

அவள் அதை முழங்கையால் துடைத்தாள். அது மறுபடி வந்தது. அந்த இடத்துக்குப் பின்னால்தான் குளிர்காலச் சாலை ஆற்றில் இறங்கும் வளைவு இருந்தது. யெகோர் வந்துசேர வேண்டிய நாள் போய் அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது.

மார்ஃபா எழுந்து நின்றாள். ஊருக்கே கேட்கும் குரல் அவளுக்கு. அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினாள். "கேஷா, உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்லை. நீங்க ரெண்டு பேரும் பேசிக்காதீங்க. அவர் வர வரைக்கும் மட்டும். உங்களுக்கு அது பேச்சு. எனக்கு அது ரோடு."

அகுலினா கேஷாவைப் பார்த்தாள். கேஷா தலையாட்டினான். இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் வந்துவிடுவான், எப்போதும் வந்துவிடுவான். அன்றிலிருந்து அவர்கள் பேசவில்லை.

பேசாமல் இருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்த வேலைதான் என்றாலும், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது வேறு வேலையாக இருந்தது. காலையில் அவன் அவளுடைய கம்பளிப் பூட்ஸை வெந்நீர்க் குழாயின்மேல் வைத்துச் சூடாக்கி விரிப்புக்குக் கீழே தள்ளுவான். மாலையில் அவன் கையுறையின் கிழிந்த கட்டைவிரல் தைக்கப்பட்டிருக்கும். அவன் சீவிய மீனில் பாதி அந்தப் பக்கம் போகும். அவள் அடித்த பாலாடையும் பழமும் இந்தப் பக்கம் வரும். பாட்டில் யார் கையும் படாமல் தொங்கியது. ஆனால் இது போதவில்லை. பத்தாம் நாள், கையுறையை நீட்டும்போது அவள் விரல் அவன் விரலில் பட்டது. யாரும் வாயைத் திறக்காமலே கண்ணாடியின் அடியோரம் மங்கியது. மார்ஃபா பின்னிக்கொண்டிருந்த கம்பளியாலேயே துடைத்தாள். அன்றிலிருந்து கேஷா கொதிகலன் கூடத்தில் படுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்கு மட்டும் வருவான், அவள் இல்லாத நேரத்தில். ஜன்னல் தெளிந்தது. கட்டடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். பிள்ளைகள் காலையில் எண்ணைக் கேட்டபோது அகுலினா பார்த்துச் சொன்னாள்; ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று. விடுமுறை என்று தெரிந்தும் அவர்கள் கூச்சல் போடாமல் இறங்கிப் போனார்கள்.

யெகோர் வரவில்லை. முதல் கொம்பு முறிந்தது. வேறு லாரிகள் வந்தன. அந்த ஓட்டுநர்கள் அவனை வழியில் பார்க்கவில்லை என்றார்கள்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பதினொரு மணிக்குக் கோலெசோவ் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருந்தார். கேஷா தன் பையைக் கட்டிக் கதவருகே வைத்திருந்தான். ஆறு வருடத்துக்கு அது சின்னப் பை. அகுலினா அடுப்பருகே நின்றாள். மார்ஃபா முக்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு. கோலெசோவ் கண்ணாடியருகே போய் விரலால் தடவினார், விரலை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார், காய்ந்திருந்தது. ஜன்னல் பலகையில் காகிதத்தை விரித்து, பேனாவின் மை உறைந்திருந்ததால் அதை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினார். அவர் அவசரப்படவில்லை. மை இளகாமல் போனால் நல்லது என்று அவருக்கும் இருந்திருக்கலாம்.

மார்ஃபா திரும்பாமலே கேட்டாள். "எழுதியாச்சா தோழர்?"

"இன்னும் இல்லை."

"நிறுத்துங்க." அவள் பின்னல் ஊசிகளைக் கம்பளி உருண்டையில் குத்தி, முக்காலியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "பேசுங்க ரெண்டு பேரும்."

கேஷா, வேண்டாம் அக்கா, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றான். விடுதி ஒன்றும் மோசமில்லை என்றான். அவன் அகுலினாவைப் பார்க்காமல் மார்ஃபாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"என் புருஷனை நான் ரோட்ல போய் நின்னு பாத்துக்கறேன். கண்ணாடி வழியாப் பாத்தாத்தான் வருவாரா அவரு? இருபது நாளா உங்க ரெண்டு பேரு வாயையும் பொத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கேன், எனக்கே மூச்சு முட்டுது. பேசித் தொலைங்க."

ஆனால் பேச வரவில்லை. இருபது நாள் சேர்த்துவைத்தவை எல்லாம் ஒரே வாசலில் முண்டின. கோலெசோவ் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கேஷாவுக்குக் காது சிவந்தது. அவன் தன் பையைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"நேத்து வெச்சிருந்த சாறுல உப்பு இல்லை" என்றான்.

அகுலினா சாற்றுப் பானையின் மூடியைச் சரிசெய்தாள். "டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாருன்னு மார்ஃபா அக்கா சொன்னாங்க" என்றாள். பிறகு, "நீங்க குறைச்ச மாதிரி தெரியலை. அதனால நான் குறைச்சேன்" என்றாள்.

கேஷாவின் உடம்பைப் பற்றி இரண்டு பெண்கள் தனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவன் வாயைத் திறந்தான். வார்த்தைக்கு முன்னால் ஆவி வந்தது. அடுப்பு எரியும் சூடான அறையில், கெட்டிலின் மூக்கிலிருந்து வருவதுபோல வெள்ளையாக, நீளமாக வந்தது. இருபது வருடத்துக்கானது என்பதால் நிற்க நேரமெடுத்தது. அது அகுலினாவின் தலைமேல் போய், விரிப்புக்கு மேல் ஏறி, ஜன்னலில் மோதியது. முதலில் பேருந்து நிறுத்தம் மறைந்தது, பிறகு ஆறு, பிறகு சாலை. கண்ணாடி வேர்த்தது, வழிந்தது, வழிந்தபடியே உறைந்தது. பனி பெரணி இலைபோல நான்கு மூலையிலிருந்தும் நடுவே வளர்ந்து கைகோத்துக்கொண்டது. கோலெசோவ் காகிதத்தை அவசரமாகப் பலகையிலிருந்து எடுத்தார், ஓரம் நனைந்துவிட்டது. துணித் திரி கனத்தது. யாரும் பேசாததால், பாட்டிலின் அடியில் முதல் சொட்டு விழுந்தது எல்லாருக்கும் கேட்டது.

மார்ஃபா கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். துடைக்கவில்லை. "நாலு விரலுக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டு முக்காலியோடு இறங்கிப் போனாள். கோலெசோவ் 'ஆள் உண்டு, இருவர்' என்று எழுதி, செடிக்குச் சதுர மீட்டர் கிடையாது என்று யாரும் கேட்காமலே விளக்கமும் சொன்னார். கேஷாவின் இமைகள் வெளுத்திருந்தன. அகுலினா அதைக் கண்ணாடியில் பார்க்கும்படி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். முகம் பார்க்கும் கண்ணாடியும் மூடியிருந்தது.

அன்றிலிருந்து மார்ஃபா, குளிர்காலச் சாலை கரையேறும் இடத்தில் இரண்டு சால்வைக்கு மேல் ஒரு ஆட்டுத்தோலையும் சுற்றிக்கொண்டு, சிவப்புத் துணி ஒன்றோடு நின்றாள். மூடுபனியில் அவளுக்குத் தன் கையே தெரியவில்லை. கேஷாவும் அகுலினாவும் வேலைக்கு நடுவே முறைவைத்து வந்து அவளோடு நின்றார்கள். மூன்று பேருடைய மூச்சும் அங்கே சரசரத்து விழுந்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டரை மணிக்கு ஒரு லாரியின் சத்தம் கேட்டது. அது வேகம் குறைக்காமல் அவர்களைத் தாண்டிப் போகப் பார்த்தது. மார்ஃபா சிவப்புத் துணியோடு சாலை நடுவில் போய் நின்று, ஊருக்கே கேட்கும் குரலில் கணவனைத் திட்டினாள். லாரி நின்றது.

யெகோர் தாடியோடும், இருபது கிலோ குறைந்தும் இறங்கினான். வடக்கே அச்சு முறிந்து, வேட்டைக்காரர்கள் விட்டுப்போன ஒரு குடிசையில் இருபத்தைந்து நாள் மாவுக்கஞ்சி குடித்துக் கிடந்திருக்கிறான். அதைவிட அவனுக்கு இன்னொன்றுதான் புரியவில்லை. மூடுபனிக்கு மேலே தெரிகிற ஒன்பதாம் மாடி வரிசையில், வெள்ளை ஜன்னல்களுக்கு நடுவே ஒரு கறுப்பு ஜன்னலைத் தேடித்தான் அவன் ஆறு வருடமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அன்றைக்கு எல்லாமே வெள்ளையாக இருந்தன. இது நம் கட்டடம் இல்லை என்று நினைத்து அடுத்ததைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். கறுப்பு ஜன்னல் கிடைக்கும்வரை போயிருப்பான், டீசல் அரை வாளி கூட இல்லை.

"ரோட்ல நான் நிக்கலைன்னா?" என்றாள் மார்ஃபா.

"போயிட்டே இருந்திருப்பேன்."

"போயிருக்க வேண்டியதுதானே" என்றாள் அவள். பிறகு அவன் தாடியில் இருந்த பனியை உடைத்து எடுக்க ஆரம்பித்தாள், ஒவ்வொரு துண்டாக, மெதுவாக.

அதற்குப் பிந்தைய வருடங்களில் பதினேழாம் எண் கட்டடத்தின் நூற்றெட்டு ஜன்னல்களும் உறைந்தன. பிள்ளைகள் வானொலியை நம்பப் பழகினார்கள், நடுவழியில் திரும்பியும் வந்தார்கள். ஒன்பதாம் மாடிப் பாட்டிலை வாரத்துக்கு இரண்டு தடவை காலி செய்யவேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் ரப்பர் செடி கூரை வரைக்கும் வளர்ந்து, அங்கிருந்து வளைந்து கதவுப் பக்கம் திரும்பியது. விரிப்பு அந்தக் கோடையிலேயே மேசைக்குப் போய்விட்டது. கேஷாவிடம் படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எத்தனை விரல் என்று கேட்டார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அளந்து பார்த்தவன்போல, "அஞ்சு இருக்கும்" என்றான்.

யெகோர் வடக்கே போகும் மாதங்களில் மார்ஃபா பழையபடி முக்காலியோடு மேலே வருவாள். அகுலினா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். அவள் ஐந்து விரல் பனிக்கு முன்னால் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடி பின்னுவாள். ஏதோ ஒரு நாள் பின்னலை மடித்து எழுந்து, "வளைவுகிட்ட வந்துட்டாரு. அடுப்புல சாறு வைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போவாள். யெகோர் படியேறி வருவதற்கும் சாறு கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.